மால்டா: எந்தக் காற்று அடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே கரையில் நின்று பார்ப்பது காற்றைத்தான். கச்சானா, வாடையா, கொண்டலா என்று தெரிந்த பிறகுதான் மற்றப் பேச்சு. சிசிலிக்குத் தெற்கே 90 கிலோமீட்டர் அளவில் மத்தியதரைக் கடலில் கிடக்கும் மால்டாவுக்குச் சுற்றுலா போகிறவர்களும் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. “கடல் கண்ணாடி மாதிரி இருந்தது” என்று ஒருவர் புகழ்வதும், “படகே ஓடவில்லை, போனது தண்டம்” என்று இன்னொருவர் நொந்துகொள்வதும் பெரும்பாலும் ஒரே நாளில், தீவின் இரண்டு பக்கங்களில் நடப்பவை. எங்கள் கணிப்பில் மால்டா கட்டாயம் போகலாம். பழமை, சாப்பாடு, ராத்திரிக் கலகலப்பு மூன்றும் இவ்வளவு சின்ன இடத்தில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ஆனால் இன்ன தேதிக்கு இன்ன இடம் என்று ஊரிலிருந்தே எழுதிக்கொண்டு போனால் பாதி கெட்டுப்போகும்.

அங்கே அடிக்கடி வீசுவது வடமேற்குக் காற்று, மஜ்ஜிஸ்ட்ரால் என்பார்கள். அது வலுக்கும் நாளில் மேற்குக் கரையில் உள்ள கோல்டன் பே, ஆயின் துஃபீஹா, கோசோ தீவின் துவெய்ரா எல்லாம் கொந்தளிக்கும். அன்றைக்குத் தென்கிழக்கில் இருக்கும் மார்சஷ்லொக்குக்குப் போனால் கடல் குளத்துத் தண்ணீர் போலக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வருவது கிரிகால். தலைநகர் வலெட்டா, ஸ்லீமா, மெல்லீஹா விரிகுடா மூன்றும் அதன் வாயில் இருப்பவை. அந்த நாளுக்கு மேற்குக் கரைதான் தோது. தென்கிழக்குக் காற்று ஷ்லொக். அது ஆப்பிரிக்காவிலிருந்து புழுதியும் புழுக்கமும் சுமந்து வரும். மார்சஷ்லொக் என்ற பெயரிலேயே அந்தக் காற்று இருக்கிறது. மார்சா என்றால் துறைமுகம். மால்டா விமான நிலைய வானிலைப் பிரிவு தினமும் காற்றின் திசையையும் வேகத்தையும் வெளியிடுகிறது. காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 5 என்று வந்தால் சின்னப் படகுச் சவாரியை நம்பி இருக்க வேண்டாம். காற்று நின்ற மறுநாளும் அலை அடங்காது என்பது நம்ம கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை, நாசரேத், இடையன்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தத் தீவு ஏற்கெனவே தெரிந்த ஊர். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மெலித்தா இதுதான் என்பது அங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. அந்தக் கப்பலை அலைக்கழித்த யூரோக்கிலிதோனும் இந்தக் கிரிகாலும் ஒன்று என்பார்கள். வலெட்டாவில் பவுலின் கப்பற்சேத ஆலயம் என்றே ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 10 அதன் திருநாள். வெளியிலிருந்து பார்த்தால் தெருவோடு தெருவாக இருக்கும், கடந்து போய்விடாதீர்கள்.

போகும் காலம்: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. ஜூலை, ஆகஸ்டில் குற்றாலத்தில் சாரல் விழும்போது அங்கே ஒரு சொட்டு மழை இருக்காது. வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். கடலில் குளிக்க வேண்டும் என்றால் இலையுதிர் காலமே மேல். மே மாதத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் நம்ம உடம்புக்குச் சில்லென்று இருக்கும். ஆகஸ்டில் 26 டிகிரி வரை ஏறிய கடல் அக்டோபரிலும் சூடு ஆறாமல் இருக்கும். மழை அங்கேயும் நமக்குப் போல ஐப்பசி, கார்த்திகையில்தான் வலுக்கும்.

திருநெல்வேலியிலிருந்து போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் தோது. அங்கிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போகலாம். ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. ரோம், பிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடந்துவிடும். ஆகவே விமானம் மாற இரண்டரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கறிவேப்பிலையும் மாம்பழமும் வேண்டாம். தாவரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள். மின் செருகி பிரிட்டன் பாணி, மூன்று சதுரக் கால்கள். நம்ம உருண்டைக் கால் பிளக் அதில் நுழையாது.

தங்குமிடத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். செயின்ட் ஜூலியன்ஸில் மலிவாக அறை கிடைக்கிறதே என்று எடுத்துவிட்டுப் பார்த்தால், பாச்சவில் என்ற இரவு விடுதிப் பகுதிக்கு ஒட்டினாற்போல இருக்கும். அதிகாலை நாலு மணி வரை கண் மூட முடியாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஸ்லீமாவின் படகுத்துறைப் பக்கம், அல்லது வலெட்டாவுக்கு எதிர்க்கரையில் மூன்று நகரங்கள் எனப்படும் பிர்கு, செங்லியா, போர்ம்லா. ஸ்லீமாவிலிருந்து வலெட்டாவுக்குப் படகில் பத்து நிமிடம். அதே தூரம் பஸ்ஸில் நெரிசல் நேரத்தில் அரைமணிக்கு மேல் ஆகும்.

மால்டா, கோசோ, கோமினோ மூன்றில் மால்டாதான் பெரிய தீவு என்றாலும் அதன் நீளம் 27 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற தூரம் அளவுதான். ஆனாலும் வலெட்டாவிலிருந்து வடமுனையான சிர்கெவ்வாவுக்குப் பஸ் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். பஸ் டிக்கெட் கோடையில் 2.50 யூரோ, குளிர்காலத்தில் 2 யூரோ, இரவுப் பஸ் 3 யூரோ. பகல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம். ஒரு யூரோவை நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரும் பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்த வேண்டும். பேசாமல் நின்றால் போய்விடும். நிரம்பிய பஸ்ஸும் நிற்காது. அதனால் கோடைக் காலத்தில் நடுவழி நிறுத்தத்தில் காத்திருக்காமல் வலெட்டா நகர வாசலில் இருக்கும் பஸ் நிலையத்திலேயே ஏறுங்கள். சிர்கெவ்வாவுக்கு 41, 42, இம்தினா என்ற மதில் நகரத்துக்கு 51, 52, 53, ஹஜர் ஈம் கோயிலுக்கும் நீலக் குகைக்கும் 74, மார்சஷ்லொக்குக்கு 81. பெயர்ப்பலகையில் ஆங்கில எக்ஸ் எழுத்து வந்தால் அதை ‘ஷ்’ என்று படிக்க வேண்டும். கார் வாடகைக்கு எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

வலெட்டாவுக்கு ஒரு முழு நாள். 1565இல் உதுமானியர் முற்றுகை முறிந்த பிறகு, 1566இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய கோட்டை நகரம் இது. தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆன தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராகக் கடலுக்கு இறங்கும். அந்தக் கல் மிருதுவானது. நானூறு வருஷத்துக் காலடி பட்டு வழவழவென்று ஆகிவிட்டது. சின்னத் தூறல் போட்டாலும் வழுக்கும். ரப்பர் அடி உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். தூய யோவான் இணைப் பேராலயத்துக்குள் ஊசிக் குதிச் செருப்பு போட்டால் விட மாட்டார்கள், தோளும் மூடியிருக்க வேண்டும். தரை முழுக்க, அந்தக் காலத்தில் தீவை ஆண்ட தூய யோவான் சபை வீரர்கள் கிட்டத்தட்ட 400 பேரின் பளிங்குக் கல்லறைப் பலகைகள் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. உள்ளே கரவாஜியோ 1608இல் வரைந்த யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே படம் அது. அந்தக் கையெழுத்தும் கீழே சிந்திய ரத்தத்திலிருந்து எழுதியதுபோல இருக்கும். படத்துக்கு அருகே முட்டி நிற்காமல் பத்தடி பின்வாங்கி நில்லுங்கள். படத்தின் பாதி வெறும் இருட்டுச் சுவர் என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரர்களுக்கு அனுமதி கிடையாது.

அப்பர் பரக்கா தோட்டத்திலிருந்து துறைமுகத்தைப் பார்க்கக் காசு இல்லை. பீரங்கி நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் முழங்கும். கைக்குழந்தை இருந்தால் சுவர் ஓரம் வேண்டாம். அங்கிருந்து மின்தூக்கியில் 58 மீட்டர் கீழே இறங்கினால் மூன்று நகரங்களுக்குப் போகும் படகுத்துறை.

ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஹைபோஜியத்தை விட்டுவிட்டு வரவே கூடாது. மண்ணுக்கு அடியில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த ஈமக்கூடம் அது. ஏறக்குறைய 7,000 பேரின் எலும்புகள் அங்கே இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். 1902இல் வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வெட்டியபோது தற்செயலாக வெளிப்பட்டது. இரும்புக்கு முந்திய காலம். கல்லாலும் கொம்பாலும் குடைந்திருக்கிறார்கள். அப்படியும் தரைக்கு மேல் கட்டிய கோயில்களின் தூண், உத்தரம் எல்லாவற்றையும் பாறைக்குள் அப்படியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். மனிதர் மூச்சின் ஈரம் சுவரில் உள்ள செங்காவி ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் ஒரு முறைக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு 80 பேர்தான். படம் எடுக்க முடியாது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: போய் இறங்கிய பிறகு டிக்கெட் தேடினால் கிடைப்பது அரிது. விசா கைக்கு வந்த அன்றைக்கே இணையத்தில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் இரண்டு, மூன்று மாதம் முன்பே. பல இடங்களுக்கும் சேர்த்து விற்கும் அருங்காட்சியகப் பாஸில் ஹைபோஜியம் சேராது.

ஹஜர் ஈம், இம்நைத்ரா கோயில்களுக்கு முன்பதிவு வேண்டாம். கி.மு. 3600 அளவில் தொடங்கிய கட்டுமானம். எகிப்தின் பிரமிடுகளுக்கு முந்தியது. கோயில்களுக்கு மேல் 2009இல் கூடாரம் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் அரைக் கிலோமீட்டர்ச் சரிவில் நிழல் கிடையாது. காலையில் போங்கள். அங்கிருந்து இறங்கினால் நீலக் குகைப் படகுத்துறை. சவாரி இருபது நிமிடம்தான். முற்பகல் வெயில் தண்ணீருக்குள் விழும்போதுதான் நீலம் தெரியும். பிற்பகலில் போகிறவர்கள் “ஒன்றுமில்லை” என்று திரும்புவது அதனால்தான். தெற்கிலிருந்து அலை வந்தால் படகு இறங்காது.

கோமினோவின் நீலக் காயல் பற்றி எங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. நிறம் படத்தில் பார்ப்பதை விட அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் கோடையில் காலை பத்து மணிக்கு மேல் படகு படகாக ஆளை இறக்கிக் கொட்டுகிறார்கள். கால் வைக்க இடமில்லை. 2025 முதல் நேரம் குறித்து இலவசமாக முன்பதிவு செய்தால்தான் கரையில் இறங்க முடியும். முதல் படகில் போய்விட்டு, கூட்டம் ஏறியதும் தீவின் மறுபக்கக் கோபுரம் வரை நடந்துவிடுங்கள்.

கோசோவுக்கு ஒரு பகல் போதாது, ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். சிர்கெவ்வாவிலிருந்து கப்பல் 25 நிமிடம். இரவும் பகலும் ஓடுகிறது. போகும்போது காசு கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் 4.65 யூரோ. வலெட்டாவிலிருந்து நேராகப் போகும் விரைவுப் படகு 45 நிமிடம். ஆனால் காற்று வலுத்தால் முதலில் நிற்பது அதுதான். அப்போது 41ஆம் பஸ்ஸைப் பிடித்து சிர்கெவ்வாவுக்குப் போய்ப் பெரிய கப்பல் ஏறிக்கொள்ளலாம். துவெய்ராவில் பழைய படங்களில் தெரியும் அஸூர் சாளரம் என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. இன்னும் அந்தப் படத்தைப் போட்டு விற்கும் சுற்றுலா விளம்பரத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கோசோவில் நம்மவர்களை நிற்க வைக்கும் இடங்கள் வேறு. ஷ்வெய்னி உப்பளம் ஒன்று. தூத்துக்குடி உப்பளத்தில் மண்ணை மிதித்துப் பாத்தி கட்டுவார்கள். இங்கே கடலோரப் பாறையிலேயே சதுரம் சதுரமாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் குனிந்து பார்த்தால் பாறை விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும், நடுவில் தண்ணீர் எண்ணெய் போலக் கெட்டியாக அசையும். கோடையில் குடும்பமாக நின்று உப்பு வாருகிறார்கள். சாலையோரத்தில் பொட்டலம் கிடைக்கும். பாத்திக்குள் கால் வைத்துவிடாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. இன்னொன்று ரம்லா கடற்கரை. குதிரைமொழித் தேரி அளவுக்குச் சிவப்பு இல்லை என்றாலும் அந்தச் சாயல் கொண்ட மணல். வடகாற்று அடிக்கும்போது காலடியில் இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்குக் கூட இறங்க வேண்டாம். ஊதாக் கொடி தண்ணீரில் சொறிமீனோ அசுத்தமோ இருப்பதைச் சொல்லும். தீவின் மற்றக் கரைகள் பெரும்பாலும் பாறை. கடல்முள்ளி குத்தும் என்பதால் நீர்ச் செருப்பு வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மால்டா தீவின் மெல்லீஹா விரிகுடாதான் நல்லது. வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்.

சாப்பாட்டை பஸ்திஸ்ஸியிலிருந்து தொடங்க வேண்டும். நம்ம பேக்கரி பப்ஸுக்கு உறவு, ஆனால் அடுக்கு இன்னும் மெல்லியது. கையில் எடுத்ததும் மேல் இதழ்கள் சருகு போல உதிரும். உள்ளே இருப்பது நெருப்பு. கடித்த உடனே விழுங்காமல் ஒரு ஓரத்தைப் பிய்த்து ஆவியை வெளியே விடுங்கள். இரண்டு வகை: ரிகோட்டா பாலாடைக்கட்டி வைத்ததற்கு மடிப்பு நடுவில் இருக்கும், பட்டாணி வைத்ததற்கு ஓரத்தில் இருக்கும். பட்டாணி மசியலில் மசாலாப் பொடி வாசனை அடிக்கும், நம்ம நாக்குக்கு அதுதான் முதலில் ஒட்டும். விலை ஒரு யூரோவுக்குள். காலையில் அடுப்பிலிருந்து எடுக்கும்போது வாங்குங்கள். பிற்பகலில் கண்ணாடிப் பெட்டியில் கிடப்பது எண்ணெய் விட்டுத் தொய்ந்திருக்கும். சைவர்களும் முஸ்லிம்களும் ஒன்று கவனிக்க வேண்டும்: பழைய முறையில் மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். தாவரக் கொழுப்பா என்று கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும். ரபாத்தில், இம்தினா வாசலுக்குப் பக்கத்திலுள்ள கிறிஸ்டல் பேலஸ் கடை இதற்குப் பேர் போனது. நாற்காலி வசதியை எதிர்பார்க்காமல் போனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சைவத்துக்கு பிகில்லா (மொச்சை போன்ற பயற்றைப் பூண்டோடு மசித்தது), கபுனாத்தா (கத்தரிக்காய், தக்காளி, கேப்பர் மொட்டுச் சேர்த்த கூட்டு), ரிகோட்டா ரவ்யூல் தாராளமாகக் கிடைக்கும். ஹோப்ஸ் பிஸ்ஸெய்த் என்ற தக்காளி தேய்த்த ரொட்டியில் சூரை மீன் வைப்பது வழக்கம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அசைவத்தில் முயல்கறிதான் அந்த ஊர்ப் பெருமை. மதுவும் பூண்டும் சேர்த்து நேரம் எடுத்து வேக வைப்பார்கள், காரம் இருக்காது. முயலை நகரத்து ஓட்டலில் சாப்பிடாமல் இம்ஜார், பஹ்ரியா போன்ற மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் சாப்பிடுங்கள்.

மீனுக்கு மார்சஷ்லொக். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காலை எட்டரைக்குள் போனால் மீன் பார்க்கலாம். பதினொரு மணிக்குப் போனால் துணிக்கடையும் கூட்டமும்தான். ஆகஸ்ட் நடுவிலிருந்து லம்புக்கி மீன் காலம். பனை வகை ஓலைகளை மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். அந்த நிழலுக்கு ஒதுங்கும் மீனைச் சுற்றி வளைப்பார்கள். ஓட்டலில் முழு மீன் எடைக் கணக்கு. பட்டியலில் இருப்பது ஒரு கிலோ விலை என்பதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டு, ரசீதைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர்கள் உண்டு. மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், எடையும் மொத்த விலையும் கேளுங்கள், பிறகு சமைக்கச் சொல்லுங்கள். அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். தெரு வழியே போகிறவர்களைக் கைபிடித்து இழுக்கிற கடைகளைத் தாண்டி உள்தெருவுக்குப் போவது மேல். சோறு இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு ஸ்லீமா, கிசீரா பக்கம் இந்தியக் கடைகள் இருக்கின்றன. கேரளத்துக்காரர்கள் நிறைய வேலை செய்கிறார்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, ஆனால் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது, கொஞ்சம் கரிக்கும். பாட்டில் வாங்கினால் 10 சென்ட் கூடுதலாக எடுப்பார்கள். காலிப் பாட்டிலைப் பெரிய கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் நசுக்காமல் போட்டால் அது திரும்பி வரும். நசுங்கினால் இயந்திரம் ஏற்காது.

இனி ராத்திரி. இம்தினாவைப் பகலில் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். பகல் பஸ்கள் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஏழு மணிக்கு மேல், முந்நூறு பேர் கூட வசிக்காத அந்த மதில் நகரத்தில் மஞ்சள் விளக்கும் உங்கள் காலடிச் சத்தமும்தான். கடைசிப் பஸ் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்து வையுங்கள்.

பாச்சவில் இளவட்டங்களின் இடம். பதினொரு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். குடிக்கச் சட்டப்படி 17 வயது. பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் “உள்ளே வாங்க, முதல் பானம் இலவசம்” என்று தெருவில் மடக்கி ஆட்டக்காரிகள் உள்ள விடுதிக்கு அழைத்துப்போகிறவர்களோடு போகாதீர்கள். அட்டையைத் தேய்த்துத் தேய்த்து ஆயிரக்கணக்கில் யூரோ போய்விட்டது என்ற புகார்கள் காவல்துறை வரை போயிருக்கின்றன. எங்கே குடித்தாலும் அட்டையைக் கையை விட்டுக் கொடுக்காமல், திரையில் தொகையைப் பார்த்துவிட்டு நீங்களே தொடுங்கள். திரும்ப டாக்சிச் செயலியில் வண்டி கூப்பிடுவதென்றால் நெரிசலை விட்டு இரண்டு தெரு நடந்து போய்க் கூப்பிட்டால் வாடகை குறையும். அதைவிட அமைதியாக ஒரு மாலை வேண்டுமானால் வலெட்டாவின் ஸ்ட்ரெய்ட் தெரு. ஒரு காலத்தில் மாலுமிகள் ஆடிக் களித்த ஒடுக்கமான சந்து, இப்போது சின்ன இசை விடுதிகள்.

ஆனால் மால்டாவின் நிஜமான ராத்திரி ஃபெஸ்டா. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வார இறுதி தோறும் ஏதாவது ஒரு ஊரில் புனிதருக்குத் திருவிழா. ஊர்க்கொடை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை: தெரு முழுக்கத் தோரணம், வாத்தியக் கோஷ்டி, ஆள் தோளில் சொரூபம், மாடியிலிருந்து காகிதத் துண்டு மழை, ஊருக்கு ஊர் வெடியில் போட்டி. தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா முடிந்த பத்தாம் நாள், ஆகஸ்ட் 15, அங்கே சாந்தா மரியா என்ற மாதா திருவிழா. ஒரே நாளில் பல ஊர்களில் கொண்டாட்டம். வாணத்துக்கு இம்காப்பா ஊரும், ஆகஸ்ட் 6 அன்று கொண்டாடும் லியா ஊரும் பேர் பெற்றவை. முதல்நாள் இரவு தரைவாணம் என்று ஒன்று விடுகிறார்கள். கம்பத்தில் பெரிய சக்கரங்கள், சக்கரத்துக்குள் சக்கரம், ஒன்று எரிந்து தீர்கிற வேகத்தில் அடுத்தது சுழன்று பூவாக விரியும். நிற்கும் இடம் முக்கியம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து கம்பத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். எதிரே நின்றால் புகையும் எரிந்த காகிதமும் முகத்தில்தான். பிள்ளைகள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். காலை எட்டு மணிக்கே வேட்டு தொடங்கிவிடும், ஆகவே அந்த ஊரில் அன்றைக்கு அறை எடுக்க வேண்டாம்.

ஃபெஸ்டா ஊருக்குள் அன்று மாலை முதல் பஸ் நுழையாது, வெளிச்சாலையோடு திருப்பிவிடுவார்கள். இறங்கும்போதே ஓட்டுநரிடம் திரும்பிப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டு வையுங்கள். வாணம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். கடைசிச் சக்கரம் சுற்றும்போதே நகர்ந்து, போகும் வழியில் தள்ளுவண்டியில் சுடச்சுடப் பொரிக்கும் இம்காரெத் என்ற பேரீச்சம்பழப் பணியாரம் நாலு வாங்கிக்கொண்டு, அடுத்த ஊர் நிறுத்தம் வரை நடந்துவிட்டால் பஸ்ஸில் உட்காரவே இடம் கிடைக்கும்.